ஜெர்மனியில் முதல் பொங்கல்: நண்பர்களைக் கூட்டிவைத்துப் பொங்க ஒரு வழிகாட்டி

ஜெர்மனிக்கு வந்த முதல் வருடம் பலரும் பொங்கலைக் குக்கரில் முடித்துவிடுகிறார்கள். வேலை நாள், வெளியே இருட்டு, குளிர். மூன்று விசில், வாட்ஸ்அப்பில் ஒரு படம், பிறகு அலுவலகம். அவசரத்துக்கு அது போதும். ஆனால் பொங்கல் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடும் பண்டிகை இல்லை. பால் பொங்கி வழியும்போது பானையைச் சுற்றி நாலு பேர் நிற்க வேண்டும், "பொங்கலோ பொங்கல்" என்று குரல் எழ வேண்டும். அதனால் புதிதாக வந்தவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: நண்பர்களைச் சாப்பாட்டுக்கு அழைக்காதீர்கள், பொங்குவதற்கு அழையுங்கள். கீழே சொல்லும் ஏற்பாடுகள் எல்லாம் அதை நடத்திக்காட்டுவதற்குத்தான்.

நாளும் நேரமும்

தைப் பொங்கல் ஜனவரி 14 அல்லது 15-இல் வரும். 2024-இல் 15, 2025-இல் 14, 2026-இல் மறுபடி 15. ஜெர்மனியில் எந்த மாநிலத்திலும் அன்று விடுமுறை கிடையாது. விடுப்பு எடுக்க நினைத்தால் டிசம்பர் தொடக்கத்திலேயே மேலாளரிடம் சொல்லிவிடுங்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிக்கும் காலம் அது. பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால், முன்கூட்டியே வகுப்பாசிரியருக்கு எழுதி அனுமதி கேளுங்கள். கட்டாயப் பள்ளி வருகை இங்கே கண்டிப்பான சட்டம். சொல்லாமல் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது.

என் யோசனை, இரண்டாகப் பிரித்துக்கொள்வது. தை முதல் நாள் காலையில் வீட்டளவில் சின்னதாக ஒரு பொங்கல், அதை ஒட்டி வரும் சனிக்கிழமை நண்பர்களோடு பெரிய பொங்கல். ஞாயிறு வேண்டாம். கடைகள் மூடியிருக்கும், கடைசி நேரத்தில் பால் தீர்ந்தால்கூட வாங்க முடியாது. மேலும் ஞாயிறு முழுவதும் அமைதி காக்க வேண்டிய நாள். குலவையும் கூச்சலும் அக்கம்பக்கத்தாருக்குச் சங்கடம்.

வேலை நாளிலும் பொங்கலாம் என்பதற்குச் சூரியனே ஒரு வசதி செய்து கொடுக்கிறது. ஜனவரி நடுவில் பெர்லினில் சூரியன் எட்டு மணிக்கு மேல்தான் எழும், மியூனிக்கில் ஏறக்குறைய எட்டு மணிக்கு. ஊரில் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து செய்ததை இங்கே ஏழு மணிக்கு எழுந்து நிதானமாகச் செய்யலாம். குளிர்காலத்தில் ஊருக்கும் இங்கும் நாலரை மணி நேர வித்தியாசம். நீங்கள் அடுப்பைப் பற்றவைக்கும்போது அங்கே மதியச் சாப்பாட்டு நேரம். அம்மாவும் அப்பாவும் எல்லா வேலையும் முடித்து ஓய்வாக உட்கார்ந்திருப்பார்கள். வீடியோ அழைப்பில் கைபேசியை அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்துவிட்டால், பொங்குவதை அவர்களும் பார்ப்பார்கள்.

சனிக்கிழமைப் பொங்கலுக்குப் பத்தரை மணிக்கு வரச் சொல்லுங்கள், பதினொன்றுக்குப் பானை ஏறட்டும். ஜெர்மானிய நண்பர்கள் பத்தரை என்றால் பத்தரைக்கே வாசலில் நிற்பார்கள். நம் ஆட்களுக்கு மட்டும் தனியாகப் போன் செய்து பத்து மணி என்று சொல்லிவைப்பது நல்லது. எல்லோரும் வந்து சேர்ந்த பிறகுதான் பால் பொங்க வேண்டும்.

இடம்

பத்துப் பன்னிரண்டு பேர் வரை என்றால் இரண்டு அறை வீடே போதும். அதற்கு மேல் போனால் மாணவர் விடுதியின் பொது அறை, குடியிருப்பின் சமூகக்கூடம், தேவாலயத்தோடு சேர்ந்த கூடம் இவற்றைக் கேட்டுப் பாருங்கள். பல தேவாலயங்கள் கூடத்தை வாடகைக்கு விடுகின்றன. சமையலறையும் பாத்திரங்களும் அங்கேயே இருக்கும். கூடம் எடுப்பதென்றால் நவம்பரிலேயே பேசிவிடுங்கள்.

வீட்டில் செய்தால் கவனிக்க வேண்டியது நெருப்பு, புகை, சத்தம்.

புகை எச்சரிக்கைக் கருவி எல்லா மாநிலங்களிலும் கட்டாயம். படுக்கையறையிலும் நடைவழியிலும் கூரையில் அது இருக்கும். அதைக் கழற்றுவதோ பிளாஸ்டிக் பை மாட்டி மூடுவதோ கூடவே கூடாது. கற்பூரம் கொளுத்த வேண்டுமானால் ஒரு சிறு துண்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, கருவிக்குத் தள்ளி. எண்ணெய் விளக்கு அவ்வளவாகப் புகையாது, அதுவே நல்லது. தாளிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். மாணவர் விடுதியில் கூடுதல் கவனம் வேண்டும். சில கட்டடங்களில் எச்சரிக்கை மணி நேரே தீயணைப்பு நிலையத்துக்குப் போகும், வண்டி வந்தால் அதற்கான செலவு உங்கள் தலையில் விழலாம்.

ஊரில் போல விறகோ கரியோ வைத்துப் பொங்க ஆசை வரும். வீட்டுக்குள் கரி அடுப்பு மூட்டவே கூடாது. கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் ஆளைக் கொல்லும், ஜன்னல் திறந்திருந்தாலும் அந்த ஆபத்து போகாது. பால்கனியிலும் வாடகை ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று பார்த்துத்தான்.

அக்கம்பக்கத்தாருக்கு ஒரு சிறு குறிப்பு எழுதி, மாடிப்படி அறிவிப்புப் பலகையில் நாலைந்து நாள் முன்பே ஒட்டுங்கள். "சனிக்கிழமை காலை பதினொன்று முதல் மூன்று வரை எங்கள் அறுவடைத் திருநாளைக் கொண்டாடுகிறோம், கொஞ்சம் சத்தம் இருக்கும், விருப்பமிருந்தால் வந்து ஒரு கிண்ணம் இனிப்புப் பொங்கல் சாப்பிடுங்கள்" என்று எழுதினால் போதும். மேல் வீட்டுப் பாட்டி உண்மையிலேயே வருவார், அவருக்கு ஒரு நாற்காலி எடுத்துவையுங்கள்.

யாழ்ப்பாணப் பக்கத்து நண்பர்கள் பால் பொங்கும்போது வெடி கொளுத்திப் பழகியவர்கள். ஜெர்மனியில் வெடியும் வாணமும் பொதுமக்கள் கொளுத்தலாம் என்பது டிசம்பர் 31-உம் ஜனவரி 1-உம் மட்டும்தான். புத்தாண்டுக்கு வாங்கி மிச்சமிருந்ததைப் பொங்கலன்று கொளுத்தினால் அபராதம் வரும். கம்பி மத்தாப்பு ஆண்டு முழுவதும் கொளுத்தலாம். அதையும் வெளியே வைத்துக் கொளுத்துங்கள்.

பொருள் சேர்ப்பது

மூன்று வாரம் முன்பே தொடங்க வேண்டியது கரும்பு மட்டும்தான். ஈழத்தமிழர் நடத்தும் கடைகளில் பொங்கலுக்கு முன் கரும்பு இறக்குவார்கள். அளவோடுதான் வரும், சொல்லிவைத்தவர்களுக்கே கிடைக்கும். எசன், டோர்ட்முண்ட், ஹாம் போன்ற ரூர் வட்டார நகரங்களில் 1980-களிலிருந்து வந்து குடியேறிய ஈழத்தமிழர்கள் அதிகம் என்பதால் அங்கே இருப்பவர்களுக்குக் கவலையில்லை. 2002-இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயிலும் ஹாமில்தான் இருக்கிறது. கோயிலுக்குப் போகிறவர்களிடம் கேட்டால் எந்தக் கடையில் என்ன கிடைக்கும் என்று சொல்லிவிடுவார்கள். தமிழ்க் கடை இல்லாத ஊரில் வியட்நாமியக் கடைகளையும் ஆப்பிரிக்கக் கடைகளையும் பாருங்கள், கரும்புத் துண்டு உறைபெட்டியிலாவது இருக்கும். முழுக் கரும்பு கிடைத்தால், ரயிலில் கொண்டுவர வசதியாகக் கடையிலேயே ஒரு மீட்டர் நீளத்துக்கு வெட்டித் தரச் சொல்லுங்கள்.

மஞ்சள் கொத்து இலையோடு கிடைப்பது அரிது. இயற்கை விளைபொருள் கடைகளிலும் ஆசியக் கடைகளிலும் பச்சை மஞ்சள் கிழங்கு கிடைக்கும். இரண்டு கிழங்கும் ஒரு இஞ்சியும் நூலில் கோத்துப் பானைக் கழுத்தில் கட்டினால் மங்கலமாக இருக்கும். வாழையிலை ஆசியக் கடைகளின் உறைபெட்டியில் மடித்துவைத்திருப்பார்கள். முந்தின இரவே வெளியே எடுத்துவைத்து, உறை நன்றாக இளகிய பிறகுதான் பிரிக்க வேண்டும், இல்லையென்றால் மடிப்பிலேயே கிழியும். பிரித்ததும் வெந்நீரில் நனைத்த துணியால் துடையுங்கள்.

அரிசி விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. பச்சரிசி கிடைக்காத ஊரிலும், எந்தச் சூப்பர் மார்க்கெட்டிலும் பால்சோறு செய்வதற்கான உருண்டை அரிசி, 'மில்ஷ்ரைஸ்' என்ற பெயரில் அரைக் கிலோ பொட்டலமாக இருக்கும். சர்க்கரைப் பொங்கலுக்கு அது அருமையாகக் குழையும். பாசுமதி வேண்டாம், குழையாது. புழுங்கலரிசியும் வேண்டாம்.

நெய்யை ஊரிலிருந்து கொண்டுவர நினைக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் பெட்டியில் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரத் தடை இருக்கிறது. நெய்யும் பால்கோவாவும் அதில் அடக்கம். கறிவேப்பிலை, கரும்பு, மஞ்சள் செடி போன்ற பச்சைத் தாவரங்களும் சான்றிதழ் இல்லாமல் வரக் கூடாது. வெல்லம், ஏலக்காய், முந்திரி, பச்சைக் கற்பூரம் கொண்டுவரலாம். நெய்க்கு இங்கேயே வழி உண்டு. சூப்பர் மார்க்கெட்டில் புளித்த பாலேட்டில் எடுத்த வெண்ணெய் தனியாக விற்கிறார்கள், 'சவர்ராம்புட்டர்' என்று உறையில் எழுதியிருக்கும். நாலு பாக்கெட், அதாவது ஒரு கிலோ வாங்கி, சிறு தீயில் நிதானமாக உருக்குங்கள். சலசலப்பு அடங்கி, அடியில் கசடு பொன்னிறமானதும் இறக்கி வடிகட்டுங்கள். முக்கால் கிலோவுக்கு மேல் நெய் கிடைக்கும். உருக்கி டப்பாவில் விற்கும் வெண்ணெய்க்கு இந்த மணம் வராது.

ஏழு கறிக் கூட்டுக்கு வேண்டிய காய்களுக்கு இந்தியக் கடைக்கே போக வேண்டாம். சர்க்கரைவள்ளிக்கிழங்கு எங்கும் கிடைக்கும். மஞ்சள் பூசணிக்கு ஹொக்கைடோ பூசணி. அதைத் தோலோடு சமைக்கலாம், வேலை மிச்சம். அவரைக்குப் பச்சை பீன்ஸ், மொச்சைக்கு உறைபெட்டியில் உள்ள பெரிய பட்டை பீன்ஸ். உருளை, கேரட், ஒரு வாழைக்காய் சேர்த்தால் ஏழும் ஆயிற்று.

யாரை அழைப்பது, என்ன சொல்வது

தமிழர்களை மட்டும் அழைத்தால் பாதி மகிழ்ச்சிதான். கூட வேலை செய்கிறவர்கள், பக்கத்து வீட்டார், மொழி வகுப்பில் உடன் படிக்கும் சிரியாக்காரர், பிரேசில்காரர் எல்லோரையும் அழையுங்கள். பொங்கலை விளக்குவது எளிது. ஜெர்மானியர்களுக்கு அக்டோபர் முதல் ஞாயிறு அறுவடைக்கு நன்றி சொல்லும் நாள் உண்டு. தேவாலயத்தில் பூசணியும் தானியக் கதிரும் அடுக்கிவைப்பார்கள். "அதுபோல எங்களுக்கு ஜனவரியில், சூரியனுக்கும் மண்ணுக்கும் மாட்டுக்கும் நன்றி சொல்கிறோம்" என்றால் முகம் மலர்ந்து கேட்பார்கள். தமிழ்நாட்டில் பல தேவாலயங்களிலும் பொங்கல் வைக்கிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். வழிபாட்டில் கலந்துகொள்ள முடியாத நம்பிக்கை உடையவர்கள் தயக்கமில்லாமல் வருவார்கள்.

அழைப்பில் தெளிவாக எழுத வேண்டியவை சில உண்டு. சாப்பாடு சைவம். செருப்பு வாசலில் கழற்ற வேண்டும், கனமான காலுறை அணிந்து வரலாம். எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும். முந்திரி, பால், கோதுமை இவற்றில் யாருக்காவது ஒவ்வாமை உண்டா என்று கேளுங்கள். பெருங்காயத்தை மறக்காதீர்கள். கடையில் விற்கும் பொடியில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமை ஆகாதவர் வருவதாக இருந்தால் அதைத் தவிர்த்துவிட்டுச் சீரகத்தையும் இஞ்சியையும் கூட்டிக்கொள்ளுங்கள். பாலும் சாப்பிடாதவர் இருந்தால் வெண்பொங்கலில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து எண்ணெயில் தாளித்துவையுங்கள்.

"நான் என்ன கொண்டுவரட்டும்?" என்று ஜெர்மானியர்கள் கேட்காமல் இருக்க மாட்டார்கள். "ஒன்றும் வேண்டாம்" என்று சொல்லிப் பழகிய வாய் நமக்கு. இங்கே அப்படிச் சொன்னால் ஒயின் பாட்டிலோடு வந்து நிற்பார்கள். ஆளுக்கு ஒன்றாகச் சொல்லிவிடுங்கள்: ஒருவர் மாண்டரின் ஆரஞ்சு, ஒருவர் மஞ்சள் பூ, ஒருவர் ஆப்பிள் சாறும் சோடாவும், ஒருவர் கூடுதலாக நாலு நாற்காலி. கொடுத்தவருக்கும் அது தன் பண்டிகை ஆகிவிடும். மாணவர்கள் சேர்ந்து செய்தால் செலவை முன்பே பேசிப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் நாள் வேலை

போகிக்குப் பழையதை எரிப்பது இங்கே நடக்காது. பழைய துணியைத் தெருவோரத் துணிப்பெட்டியில் போடுங்கள். ஜனவரி 6-க்குப் பிறகு ஜெர்மானியர்களும் கிறிஸ்துமஸ் மரத்தை வீட்டிலிருந்து வெளியேற்றுவார்கள். தெருவெங்கும் மரங்கள் கிடக்கும் அந்த வாரத்தில் நாமும் வீட்டைக் கழுவித் துடைப்பது பொருத்தமாகவே இருக்கும்.

மாடிப்படியிலோ பொதுவாசலிலோ கோலம் போட வேண்டாம். ஈரத்தில் மாவு வழுக்கும், புகார் வரும். பெரிய கறுப்பு அட்டை ஒன்று வாங்கிவையுங்கள். அரிசியை ஊறவைத்து அரைத்த மாவில் அதன்மேல் மாக்கோலம் போட்டால் பளிச்சென்று இருக்கும். இன்னொரு அட்டையில் புள்ளி மட்டும் வைத்துவிடுங்கள். மறுநாள் வருகிறவர்கள், முக்கியமாகப் பிள்ளைகள், கோட்டை அவர்களே இழுப்பார்கள். நெளிக்கோலம் ஒன்றின் சூத்திரம் பிடிபட்டுவிட்டால் சில பேர் அந்த அட்டையை விட்டு எழுந்திருக்கவே மாட்டார்கள்.

வெல்லத்தை முந்தின இரவே கரைத்து வடிகட்டிவையுங்கள். மண் இருக்கும். கூட்டுக்குக் காய் நறுக்குவது, தேங்காய் துருவுவது, முந்திரி வறுப்பது எல்லாம் அன்றே முடிய வேண்டும். பண்டிகை நாளில் உங்கள் கை பானையில் மட்டும் இருக்கட்டும்.

பானையும் பொங்குவதும்

முதலில் அடுப்பைப் பாருங்கள். கண்ணாடிப் பரப்புள்ள அடுப்பில் இரண்டு வகை. சிவப்பாகக் கனன்று சூடாவதை இங்கே செரான் என்கிறோம், அதில் அடி தட்டையான எந்த உலோகப் பாத்திரமும் வைக்கலாம். இண்டக்‌ஷன் என்றால் பித்தளை, செம்பு, அலுமினியம் எதுவும் சூடாகாது. குளிர்பெட்டியில் ஒட்டும் காந்தத்தைப் பானை அடியில் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் சூடாகும். மண்பானையை இரண்டிலும் வைக்க வேண்டாம், விரிசல் விட்டுவிடும். ஊர்ப் பித்தளைப் பானையின் அடி உருண்டை என்றால் அதைப் பூசை இடத்தில் அலங்காரமாக வைத்துவிட்டு, எவர்சில்வர் பானைக்கு மஞ்சள் கட்டுங்கள்.

பன்னிரண்டு பேருக்குச் சர்க்கரைப் பொங்கல் கணக்கு: பச்சரிசி 300 கிராம், வறுத்த பாசிப்பருப்பு 75 கிராம், வெல்லம் 500 முதல் 600 கிராம், நெய் 150 கிராம், கொழுப்பு நீக்காத பால் ஒன்றரை லிட்டர், தண்ணீர் ஒன்றரை லிட்டர். பானை நாலு லிட்டர் கொள்வதாக, வாய் கொஞ்சம் ஒடுங்கியதாக இருந்தால் நல்லது. ஏழெட்டு லிட்டர்ப் பானையில் இந்த அளவு ஊற்றினால் பால் பொங்கும், ஆனால் வழியாது. பானை முக்கால்வாசியாவது நிரம்பியிருக்க வேண்டும். மின்னடுப்பில் மூன்று லிட்டர் கொதிக்க இருபது நிமிடமாவது ஆகும். எல்லோரும் வருவதற்கு முன்பே இளஞ்சூடாக்கிவைத்துவிட்டு, பதினொன்றுக்கு முழுச் சூட்டில் வையுங்கள்.

வெளிச்சம் பார்த்து இடம் வையுங்கள். குளிர்காலச் சூரியன் நடுப்பகலிலும் தென்வானில் தாழ்வாகவே நிற்கும். தெற்கு ஜன்னல் இருந்தால் கோல அட்டை, விளக்கு, கரும்பு, காய்கறி எல்லாம் அதன் முன்னால். மேகம் மூடியிருந்தாலும் பரவாயில்லை, திசை அங்கேதான். சமையலறை நெருக்கமாக இருந்தால் ஒற்றை மின்னடுப்பு ஒன்று வாங்கி, அகலமான தட்டின் மேல் வைத்து, அந்த ஜன்னலுக்குப் பக்கத்திலேயே பொங்கலாம். தட்டில் வழிந்த பாலைத் துடைப்பது சுலபம். கம்பி தடுக்காமல் சுவரோரமாக விடுங்கள், பிள்ளைகளைக் கைக்கெட்டாத தூரத்தில் நிறுத்துங்கள்.

பானையில் நுரை எழத் தொடங்கியதும் எல்லோரையும் கூப்பிடுங்கள். என்ன கத்த வேண்டும் என்று முன்பே சொல்லிப் பழக்கியிருக்க வேண்டும். "பொங்கலோ பொங்கல்" சொல்ல யாருக்கும் கஷ்டமில்லை. பிள்ளைகள் கையில் தட்டும் கரண்டியும் கொடுத்துவிடுங்கள். குலவை போடத் தெரிந்த அக்கா ஒருவர் இருந்தால் அன்றைக்கு அவர்தான் தலைவி. பால் விளிம்பு தாண்டி ஒரு பக்கம் வழியட்டும், வழிந்ததும் சூட்டைக் குறைத்துவிடுங்கள். மறந்தும் வெல்லத்தை இதற்கு முன் சேர்க்கக் கூடாது. இனிப்பு கலந்த பால் செரான் கண்ணாடியில் எரிந்து ஒட்டினால் பரப்பு குழிந்துபோகும், வாடகை வீட்டை ஒப்படைக்கும்போது அதற்குப் பணம் கேட்பார்கள்.

பொங்கி வழிந்த பிறகு ஒரு லிட்டர் அளவு பால்நீரை முகந்து தனியே வையுங்கள். இனி அரிசி. இதுதான் நான் மிகவும் விரும்பும் கட்டம். கழுவிய அரிசியும் பருப்பும் ஒரு கிண்ணத்தில் இருக்கட்டும். வீட்டில் மூத்தவர் முதலில் ஒரு கை இடுவார், பிறகு வந்திருக்கும் ஒவ்வொருவரும் கை கழுவிவிட்டு ஒரு பிடி இட வேண்டும். பக்கத்து வீட்டுப் பாட்டியும், அலுவலக நண்பரும், மூன்று வயதுக் குழந்தையும் இடட்டும், குழந்தையின் கையைப் பெரியவர் பிடித்துக்கொள்ள வேண்டும். சாமி கும்பிடாதவரும் அரிசி இடலாம். அதன் பிறகு யாரும் வேடிக்கை பார்க்க வந்தவராக இருக்க மாட்டார்கள், "என் பொங்கல் வெந்துவிட்டதா?" என்று வந்து வந்து பார்ப்பார்கள்.

அரிசி நன்றாகக் குழைய முப்பத்தைந்து, நாற்பது நிமிடம் ஆகும். அடிக்கடி கிளறி, இறுகினால் முகந்துவைத்த பால்நீரை ஊற்றிக்கொள்ளுங்கள். முழுதும் வெந்த பிறகே வெல்லக் கரைசல். வெல்லம் விழுந்த பிறகு அரிசி வேகாது. கொதிக்கும் பாலில் நேராக ஊற்றினால் திரிந்துபோகவும் கூடும், அதனால் சூட்டை நன்றாகத் தணித்துவிட்டு ஊற்றுங்கள். நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாக. கடைசியில் முந்திரி, திராட்சை, ஏலக்காய், கடுகளவு பச்சைக் கற்பூரம்.

வெந்துகொண்டிருக்கும் நேரத்தில்

இந்த நாற்பது நிமிடத்துக்கு ஒரு திட்டம் வேண்டும். கரும்பை வையுங்கள். தோல் சீவி, விரல் நீளத்துக்கு நறுக்கி, மென்று சாறை விழுங்கிச் சக்கையைத் துப்ப வேண்டும் என்று செய்தே காட்டுங்கள். சொல்லாவிட்டால் சக்கையையும் விழுங்கப் பார்ப்பார்கள். சக்கை போட ஒரு கிண்ணம் பக்கத்தில் இருக்கட்டும். பல் பலமில்லாதவர்களுக்கு வற்புறுத்த வேண்டாம்.

பிள்ளைகளுக்கு உறியடி. வீட்டுக்குள் மண்பானை உடைக்க முடியாது, ஆனால் இங்கே அதற்கு ஒரு பங்காளி விளையாட்டு இருக்கிறது. ஜெர்மானியப் பிள்ளைகள் பிறந்தநாளில் கண்ணைக் கட்டிக்கொண்டு, மரக்கரண்டியால் தரையைத் தட்டித் தட்டிக் கவிழ்த்துவைத்த பாத்திரத்தைத் தேடுவார்கள். சுற்றி நிற்பவர்கள் "சூடு", "குளிர்" என்று கத்தி வழி காட்டுவார்கள். பாத்திரத்துக்கு அடியில் மிட்டாய் இருக்கும். 'டோப்ஃப்ஷ்லாகன்' என்று சொன்னதுமே எல்லாப் பிள்ளைகளும் தயாராகிவிடுவார்கள். அடியில் எள்ளுருண்டையும் கடலை மிட்டாயும் வையுங்கள்.

சாப்பாடு

பட்டியலை நீட்டாதீர்கள். வெண்பொங்கல், ஏழு கறிக் கூட்டு, சாம்பார், தேங்காய்ச் சட்னி, சர்க்கரைப் பொங்கல், இது போதும். வெண்பொங்கலுக்குப் பன்னிரண்டு பேருக்கு அரிசி அரைக் கிலோ, பாசிப்பருப்பு 170 கிராம், தண்ணீர் மூன்றரை லிட்டர். குக்கரில் வையுங்கள், அதில் குறையொன்றும் இல்லை. காரம் பழகாதவர்களுக்கு வெண்பொங்கலைப்போல நல்ல முதல் உணவு நம்மிடம் வேறில்லை. மிளகு முழுதாக இருக்கிறது, வேண்டாம் என்றால் ஒதுக்கிவைக்கலாம் என்று மட்டும் சொல்லுங்கள். வடை சுட ஆசைப்பட்டால், எண்ணெய்ப் புகையையும் கூடத்தில் தனியாக விடப்பட்ட விருந்தினர்களையும் நினைத்துப் பாருங்கள். நான் வேண்டாம் என்பேன்.

தரையில் பாய் விரித்து இலை போடலாம். முழங்கால் மடக்க முடியாதவர்களுக்கு மேசையிலும் நாலு இலை போட்டுவிடுங்கள். கையால் சாப்பிட விரும்புகிறவருக்கு ஒருமுறை காட்டுங்கள், கரண்டியையும் பக்கத்தில் வையுங்கள். பரிமாறும் வேலையை இரண்டு நண்பர்களிடம் ஒப்படைத்துவிட்டு நீங்களும் பந்தியில் உட்காருங்கள்.

மாட்டுப் பொங்கலை நினைக்கும் பிள்ளைகளுக்கு, பெர்லினில் டாலெம் பண்ணை அருங்காட்சியகம் மாதிரி மாடு பார்க்கக்கூடிய இடங்கள் இருக்கின்றன. மறுநாள் ஞாயிறு அங்கே போனால் காணும் பொங்கலும் ஆயிற்று. பண்ணையில் கேட்காமல் மாட்டுக்கு எதையும் ஊட்டக் கூடாது.

முடிந்த பிறகு

அடுப்பு ஆறிய பிறகு, செரான் சுரண்டும் பிளேடைச் சாய்வாகப் பிடித்து வழிந்த பாலை எடுத்துவிடுங்கள், இரும்பு நாரால் தேய்க்க வேண்டாம். வாழையிலையும் கரும்புச் சக்கையும் மக்கும் குப்பைக்குரிய தொட்டியில் போகும். ஆளுக்கொரு டப்பா கொண்டுவரச் சொல்லியிருந்தால் மிச்சமெல்லாம் கைமாறிவிடும். சர்க்கரைப் பொங்கல் குளிர்பெட்டியில் கல்லாக இறுகும், அதைப் பார்த்துப் பயந்து தூக்கிப்போட்டுவிடாமல், கால் தம்ளர் பால் தெளித்துச் சிறு தீயில் கிளறிச் சாப்பிடும்படி ஒவ்வொருவருக்கும் சொல்லி அனுப்புங்கள்.